செயென், அரபாஹோ: இரண்டு மக்கள், ஓர் அரசு, துண்டு துண்டான நிலம்

நாணல்:

செயென், அரபாஹோ என்ற இரண்டு அமெரிக்கப் பழங்குடிப் பெயர்களையும் எங்கே பார்த்தாலும் சேர்த்தே எழுதுகிறார்கள். ஒக்லஹோமாவில் இருவருக்கும் ஒரே அரசு. ஆனால் மொன்டானாவில் வட செயென் தனியாக, வயோமிங்கில் வட அரபாஹோ தனியாக இருக்கிறார்கள். இவர்கள் ஓர் இனமா, இரண்டா? தமிழில் தேடினால் அமெரிக்கப் படைத்தளபதி கஸ்டர், குதிரைப்படை, சண்டை என்றுதான் வருகிறது. நான் தேடுவது வேறு. சமூகம் எப்படி இயங்குகிறது, தலைவரை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள், நிலம் இன்று யார் கையில், கூடுகைகள் எப்படி நடக்கின்றன? தெரிந்தவர்கள் விரிவாகவே எழுதுங்கள்.

ஏட்டுச்சுவடி:

நாணல், இவர்கள் இரண்டு தனித்தனி மக்கள். மொழி வேறு, சடங்கு வேறு, காத்துவரும் புனிதப் பொருளும் வேறு. இரண்டு மொழிகளும் அல்கோன்கியன் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். ஆனாலும் ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது. அந்தக் காலத்தில் வட அமெரிக்கப் பெருஞ்சமவெளிக்குப் பொதுவான சைகை மொழி இருந்ததால் சமாளித்தார்கள்.

செயென் மக்கள் முன்பு மின்னசோட்டா பக்கம் மண் மூடிய வீடுகளில் மக்காச்சோளம் பயிரிட்டு வாழ்ந்தவர்கள். பிறகு மிசௌரி ஆற்றங்கரைக்கு நகர்ந்தார்கள். குதிரை கைக்கு வந்ததும் காட்டெருமை மந்தைகளைத் தொடர்ந்து சமவெளிக்குப் போய்விட்டார்கள். அரபாஹோ மக்கள் அங்கே ஏற்கெனவே இருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே இருவரும் அருகருகே முகாமிட்டுச் சேர்ந்து போரிட்டவர்கள். இந்த உறவை அமெரிக்க அரசு காகிதத்தில் முடிச்சுப் போட்டது. 1851 ஃபோர்ட் லாரமி ஒப்பந்தம் வடக்கு பிளாட் ஆற்றுக்கும் ஆர்கன்சஸ் ஆற்றுக்கும் இடைப்பட்ட நிலத்தை இருவருக்கும் பொதுவாக எழுதியது. 1861 ஃபோர்ட் வைஸ் ஒப்பந்தத்தில் அது சிறு பகுதியாகச் சுருங்கியது. 1867 அக்டோபரில் மெடிசின் லாட்ஜ் ஒப்பந்தம். 1869 ஆகஸ்ட் 10 அன்று குடியரசுத் தலைவர் கிராண்ட் போட்ட ஆணையின்படி, இன்றைய மேற்கு ஒக்லஹோமாவில் இருவருக்கும் ஒரே ரிசர்வேஷன் (பழங்குடிகளுக்கென ஒதுக்கிய நிலப்பகுதி).

வடக்கே இருந்தவர்கள் கதை தனி. சரணடைந்த வட செயென் மக்களை 1877இல் ஒக்லஹோமாவின் டார்லிங்டன் முகவரகத்துக்கு (பழங்குடிகளை நிர்வகித்த அரசு அலுவலகம்) கொண்டுவந்தார்கள். மலேரியா, அரைவயிற்று ரேஷன். 1878 செப்டம்பரில் லிட்டில் வுல்ஃப், மார்னிங் ஸ்டார் இருவரின் தலைமையில் முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் வடக்கு நோக்கிக் கிளம்பிவிட்டார்கள். வழியில் பலர் செத்தார்கள். ஃபோர்ட் ராபின்சன் இராணுவ முகாமில் அடைத்து வைத்திருந்தவர்கள் 1879 ஜனவரியில் தப்பியபோது சுடப்பட்டார்கள். மிஞ்சியவர்கள் விடாமல் நின்றதால்தான் 1884இல் மொன்டானாவில் தனி ரிசர்வேஷன் கிடைத்தது.

ஒரு செய்தியை மறக்கக் கூடாது. செயென் மக்களின் நான்கு புனித அம்புகள் தெற்கே ஒக்லஹோமாவில் இருக்கின்றன. புனிதக் காட்டெருமைத் தொப்பி வடக்கே மொன்டானாவில். அரபாஹோ மக்களின் தட்டைப் புகைக்குழல் வயோமிங்கில். அதனால் தெற்கும் வடக்கும் இன்றுவரை ஒருவர் ஊருக்கு ஒருவர் போய்வர வேண்டியிருக்கிறது. வரைபடத்தில் மூன்று மாநிலம் என்றாலும் சடங்கு நாட்காட்டியில் பிரிவு இல்லை.

கொடிவழி:

தலைவர் தேர்வு பற்றிக் கேட்டிருந்தீர்கள். செயென் மக்களிடம் 44 பேர் அவை இருந்தது, இன்றும் இருக்கிறது. கணக்கு இப்படி: பத்துக் குழுக்கள், குழுவுக்கு நால்வர், ஆக 40. முந்தைய அவையிலிருந்து தொடரும் மூத்த தலைவர்கள் நால்வர். மொத்தம் 44. பதவிக்காலம் பத்து ஆண்டு. பேர் பியூட் மலையில் புனித அம்புகளைப் பெற்றுவந்த ஸ்வீட் மெடிசின் இந்த ஏற்பாட்டையும் தந்தார் என்பது அவர்கள் மரபு.

இந்தத் தலைவர்கள் போர்த்தளபதிகள் அல்லர், அமைதித் தலைவர்கள். கோபப்படக் கூடாது. தன் மகனையே எவனாவது கண்ணெதிரே கொன்றாலும் புகைக்குழலை எடுத்து உட்கார வேண்டும் என்பதுதான் அவர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரை. கேட்டவருக்கு இல்லை என்று சொல்லக் கூடாது. விதவைகளும் அநாதைகளும் அவர் பொறுப்பு. ஆகவே தலைவரின் வீட்டில் பொருள் தங்காது.

கட்டுப்பாட்டை நிலைநாட்டும் வேலை போர்வீரர் சங்கங்களுடையது: கிட் ஃபாக்ஸ், எல்க், ரெட் ஷீல்ட், டாக் சோல்ஜர்ஸ், போஸ்ட்ரிங் ஆகியவை. கோடைக்காலக் கூட்டு வேட்டையில் ஒருவன் முந்திக்கொண்டு ஓடினால் மந்தை முழுதும் கலைந்துவிடும். ஆயிரம் பேருக்கு உணவு போய்விடும். அப்படி முந்தியவனைச் சங்கத்தார் சாட்டையால் அடிப்பார்கள், கூடாரத்தைக் கிழிப்பார்கள், குதிரையைக்கூடச் சுடுவார்கள். அவன் பணிந்து ஏற்றுக்கொண்டால், அதே ஆட்கள் புதுக் குதிரையும் துப்பாக்கியும் தந்து சேர்த்துக்கொள்வார்கள். எனக்கு இதில் பிடித்ததே இந்த இரண்டாவது பகுதிதான். மனிதனை இழக்கக் கூடாது என்ற கணக்கு அதில் இருக்கிறது.

சக செயென் ஒருவரைக் கொன்றவனுக்கு மரண தண்டனை கிடையாது, ஊர்விலக்கம். அந்தக் கொலையால் அம்புகளில் இரத்தக்கறை படிந்துவிட்டது என்று கொண்டு, எல்லாக் குழுக்களும் கூடி அம்புகளைப் புதுப்பிக்கும் சடங்கு செய்ய வேண்டும். ஒருவன் குற்றம் எல்லோருக்கும் தீட்டு என்பதால் பழிக்குப் பழி வளரவில்லை.

அரபாஹோ முறை வேறு. அங்கே ஆண்களுக்கு வயதுவாரியாகப் படிநிலைச் சங்கங்கள். ஒத்த வயதினர் ஒன்றாக ஒவ்வொரு படியாக ஏறுவார்கள். மேல்படி முதியவர்கள் கையில்தான் சடங்கு அறிவும் இறுதி முடிவும். பெண்களுக்குக் காட்டெருமைச் சங்கம்.

நாணல்:

> 44 பேர் அவை இருந்தது, இன்றும் இருக்கிறது

தேர்தல் மூலம் வந்த அரசு இருக்கும்போது இவர்களுக்கு என்ன வேலை, கொடிவழி ஐயா?

கொடிவழி:

சட்டம் இயற்றும் அதிகாரம் கிடையாது. சடங்கு, சமாதானம், ஏழைக்கு உதவி, துக்க வீட்டில் முன் நிற்பது, அரசு அதிகாரிகள் முன் மக்களுக்காகப் பேசுவது இவையெல்லாம் உண்டு. நல்ல எடுத்துக்காட்டு லாரன்ஸ் ஹார்ட். அமைதித் தலைவர், மெனோனைட் என்ற கிறிஸ்தவ சபையின் போதகரும்கூட. 2022இல் மறைந்தார். 1968இல் வாஷிட்டா தாக்குதலின் நூறாம் ஆண்டு நிகழ்ச்சிக்கு ஏழாம் குதிரைப்படைச் சீருடையில் ஒரு நடிப்புக் குழு வந்தது. அந்த மண்ணில் 1868 நவம்பர் 27 அன்று கஸ்டரின் படை தலைவர் பிளாக் கெட்டிலையும் அவர் மனைவியையும் கொன்றது. அந்தச் சீருடையைப் பார்த்ததும் கூட்டத்தில் கொதிப்பு. முதிய தலைவர்கள் சொன்னபடி ஹார்ட் ஒரு போர்வையை எடுத்துப் போய் அந்தக் குழுவின் தளபதி தோளில் போர்த்தினார். 44 பேர் அவையின் வேலை என்ன என்று கேட்டால் அதுதான் பதில்.

மேழி:

நிலத்தைப் பற்றி எழுதுகிறேன். இன்றைய சமூக வாழ்க்கையில் உள்ள சிக்கல்களில் பாதிக்கு மேல் இங்கிருந்துதான் கிளம்புகிறது. பொறுமையாகப் படியுங்கள்.

1887 பங்கீட்டுச் சட்டம் பொது நிலத்தைத் தனிநபர் நிலமாக வெட்டச் சொன்னது. 1890இல் ஜெரோம் ஆணையம் என்ற அரசுக் குழு டார்லிங்டனுக்கு வந்து 15 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் எழுதியது. ஆளுக்கு 160 ஏக்கர் என்று ஒதுக்கிவிட்டு, மிச்சம் சுமார் 35 லட்சம் ஏக்கரை 1892 ஏப்ரல் 19 நண்பகலில் குடியேறிகளுக்குத் திறந்துவிட்டார்கள். துப்பாக்கி வெடித்ததும் ஓடிப்போய்க் கம்பு நட்டவனுக்கு நிலம். ஒரே நாளில் செயென், அரபாஹோ மக்கள் சொந்த மண்ணில் சிறுபான்மையானார்கள்.

கொடுத்த 160 ஏக்கரும் அவர்கள் கையில் முழுசாக இல்லை. அமெரிக்க அரசே அறங்காவலர், 25 ஆண்டுக்கு விற்க முடியாது என்பது விதி. பாதுகாப்பு போலத் தெரியும். ஆனால் 1902இல் வந்த சட்டம், இறந்தவர் நிலத்தை வாரிசுகள் விற்க வழி விட்டது. 1906 பர்க் சட்டம், தகுதி பெற்றவர் என்று அதிகாரி முடிவு செய்த ஆளுக்கு உடனே முழுப் பட்டா கொடுக்கச் சொன்னது. பட்டா வந்த மறுநாளே சொத்து வரி வரும். வரி கட்டப் பணமில்லை. கடன்காரனும் நில வணிகனும் வாசலில். நிலம் போய்விட்டது.

விற்காமல் காத்தவர்களுக்கு வேறு நோய்: கூறுபடல். நிலத்தை வேலி போட்டுப் பிரிப்பதில்லை, உரிமை மட்டும் பிரியும். ஒருவருக்கு நான்கு பிள்ளைகள், ஒவ்வொருவருக்கும் நான்கு, அவர்களுக்கும் நான்கு என்று வைத்தால் மூன்றாம் தலைமுறையில் 64 பங்குதாரர்கள். யாருக்கும் 2.5 ஏக்கர் தனியாகக் கிடையாது; 160 ஏக்கர் முழுவதிலும் ஆளுக்கு 64இல் ஒரு பங்கு. மேய்ச்சல் குத்தகை ஏக்கருக்கு 30 டாலர் என்று கணக்கிட்டால் ஆண்டுக்கு 4,800 டாலர், பங்குக்கு 75 டாலர். இன்னும் இரண்டு தலைமுறை போனால் ஐந்து டாலருக்கும் கீழே. வீடு கட்டலாம் என்றால் மற்றப் பங்குதாரர்கள் ஒப்ப வேண்டும். அரசே அறங்காவலராக இருக்கும் இந்த அறக்கட்டளை நிலத்தை அடமானம் பிடிக்க வங்கியும் தயங்கும்.

எண்ணெய், எரிவாயுக் குத்தகைக்கு எத்தனை பேர் ஒப்புதல் வேண்டும் என்பதையும் சட்டம் வரையறுக்கிறது. பங்குதாரர் 5 பேர் வரை என்றால் 90 சதவீதப் பங்கின் ஒப்புதல். 6 முதல் 10 பேர் என்றால் 80. 11 முதல் 19 என்றால் 60. 20 பேரோ அதற்கு மேலோ என்றால் பாதிக்கு மேற்பட்ட பங்கு. ஆள் தலை எண்ணிக்கை அல்ல, பங்கின் அளவுதான் கணக்கு. இந்த வட்டாரம் அனடார்கோ எண்ணெய்ப் படுகையில் இருப்பதால் இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை.

நாணல்:

மேழி ஐயா, உயில் எழுதி வைத்தால் இந்தக் கூறுபடலை நிறுத்த முடியாதா?

மேழி:

பெருமளவு நிறுத்தலாம். 2004இல் இயற்றிய இந்தியர் (அதாவது அமெரிக்கப் பழங்குடியினர்) வாரிசுரிமைச் சீர்திருத்தச் சட்டம் 2006 ஜூன் 20 முதல் நடக்கும் மரணங்களுக்குப் பொருந்தும். உயில் இல்லாமல் ஒருவர் இறந்து, ஒரு நிலத்தில் அவர் பங்கு 5 சதவீதத்துக்குக் குறைவு என்றால், அது பிள்ளைகளுக்குள் பிரியாது. உயிரோடு இருக்கும் மூத்த பிள்ளை ஒருவருக்கே முழுதும். பிள்ளை இல்லையென்றால் மூத்த பேரப்பிள்ளை, அடுத்து கொள்ளுப்பேரன் பேத்தியில் மூத்தவர். அதற்கும் ஆள் இல்லையென்றால் பழங்குடி அரசுக்கு. இது தெரியாமல் இளையவர்கள் அண்ணன் ஏமாற்றிவிட்டான் என்று மனம் கசந்து நிற்பது நிறைய நடக்கிறது. ஏமாற்று இல்லை, சட்டம்.

உயிலுக்கு மூன்று நிபந்தனை: எழுதுபவருக்கு வயது 18 நிறைந்திருக்க வேண்டும், உயில் எழுத்தில் இருக்க வேண்டும், அதில் எந்த ஆதாயமும் இல்லாத வயதுவந்த சாட்சிகள் இருவர் கையெழுத்திட வேண்டும். சறுக்கும் இடங்கள் இவை. சொத்து பெறும் மகளையே சாட்சியாக வைப்பது ஒன்று. அடுத்து, “என் மூன்று பிள்ளைகளுக்கும்” என்று மட்டும் எழுதி நிறுத்துவது. அப்படி எழுதினால் கூட்டு உரிமை என்று சட்டம் கொள்ளும். ஒருவர் இறந்தால் அவர் பங்கு அவர் பிள்ளைகளுக்குப் போகாது, மிச்ச இருவருக்கும் போய்விடும். தனித்தனிப் பங்கு என்றால் அதை வெளிப்படையாக எழுத வேண்டும். பழங்குடியைச் சேராத கணவனுக்கோ மனைவிக்கோ ஆயுள் வரை அனுபவிக்கும் உரிமையாக எழுதுவது பாதுகாப்பானது. முழு உரிமையாக எழுதினால் அந்தப் பங்கு அறக்கட்டளை நிலையிலிருந்தே வெளியேறும் ஆபத்து உண்டு.

வாரிசுரிமை விசாரணையை நடத்துவது உள்துறை அமைச்சகத்தின் கீழுள்ள நீதிபதி. தீர்ப்பு ஒப்பவில்லை என்றால் 30 நாளுக்குள் மறுவிசாரணை கேட்க வேண்டும். இன்னொன்று: குத்தகைப் பணம் ஒவ்வொருவர் பெயரிலும் அரசு வைத்திருக்கும் தனிக்கணக்கில் சேர்கிறது. வீடு மாறியதைத் தெரிவிக்காவிட்டால் முகவரி அறியப்படாதவர் பட்டியலில் பெயர் ஏறிவிடும், பணம் அங்கேயே முடங்கும். இந்தக் கணக்குகளை அரசு நூறாண்டுக்கு மேலாகச் சரியாகப் பராமரிக்கவில்லை என்றுதான் பிளாக்ஃபீட் இனத்தவரான எலுவீஸ் கோபெல் 1996இல் வழக்குப் போட்டார். 340 கோடி டாலர் உடன்பாட்டில் அது முடிந்தது. அதில் 190 கோடி, சிதறிய பங்குகளை விற்க விரும்புவோரிடம் வாங்கிப் பழங்குடி அரசுகளிடம் சேர்க்க. அந்தத் திட்டம் 2022 நவம்பரில் முடிந்துவிட்டது. பங்குகள் தொடர்ந்து உடைந்துகொண்டுதான் இருக்கின்றன.

வெண்சங்கு:

ஒரு சந்தேகம். 2020இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த மெக்கர்ட் தீர்ப்புக்குப் பிறகு ஒக்லஹோமாவில் பழைய ரிசர்வேஷன்கள் எல்லாம் செல்லும் என்றுதானே ஆயிற்று? செயென், அரபாஹோ எல்லையும் உயிர்பெற்றிருக்க வேண்டுமே.

மேழி:

இல்லை, வெண்சங்கு. மெக்கர்ட் தீர்ப்பு மஸ்கோகி கிரீக் மக்களின் ஒப்பந்தங்களையும், அவர்களுக்கான நாடாளுமன்றச் சட்டங்களையும் வரிவரியாகப் படித்துச் சொன்னது. ஒவ்வொரு மக்களுக்கும் எழுத்து வேறு. செயென், அரபாஹோ ரிசர்வேஷன், 1890 ஒப்பந்தத்தை உறுதிசெய்த 1891 சட்டத்தாலேயே கலைக்கப்பட்டுவிட்டது என்று பத்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 1965இல் எல்லிஸ் வழக்கில் கூறிவிட்டது. 1890 ஒப்பந்தத்தில் நிலத்தை முழுதாக விட்டுக்கொடுப்பதாகவும் மொத்தத் தொகை பெறுவதாகவும் வாசகம் இருப்பதுதான் காரணம்.

ஆனால் அதிகாரம் அறவே இல்லை என்று முடிவுகட்டிவிட வேண்டாம். அறக்கட்டளையில் நீடிக்கும் பங்கீட்டு நிலங்கள் கூட்டரசுச் சட்டப்படி ‘இந்தியன் கன்ட்ரி’, அதாவது பழங்குடி அதிகாரம் செல்லும் நிலம்தான். அங்கே தோண்டும் எண்ணெய்க்குப் பழங்குடி அரசு வரி போடலாம் என்று அதே நீதிமன்றம் 1996இல் மஸ்டாங் வழக்கில் தீர்ப்பளித்தது. பலன் என்னவென்றால் சதுரங்கக் கட்டம் போன்ற வரைபடம். ஒரு சாலையின் இடப்பக்கம் பழங்குடி காவல், வலப்பக்கம் மாவட்ட ஷெரிஃப். குற்றம் எங்கே நடந்தது, குற்றவாளி பழங்குடியினரா, பாதிக்கப்பட்டவர் பழங்குடியினரா என்ற மூன்று கேள்விக்கும் பதில் தெரிந்த பிறகே எந்த நீதிமன்றம் என்று முடிவாகும். இரு தரப்புக் காவலருக்கும் பரஸ்பரம் அதிகாரம் தரும் உடன்படிக்கை இருந்தால் வேலை ஓடும். இல்லாத இடத்தில் குடும்ப வன்முறைப் புகார்கூட அலைக்கழியும்.

ஏட்டுச்சுவடி:

அரசமைப்பையும் சொல்லிவிடுகிறேன். முதல் சாசனம் 1937, அடுத்தது 1975. இரண்டிலும் ஒரு செயற்குழு கையிலேயே எல்லா அதிகாரமும். 2006இல் வந்த சாசனம் நான்கு கிளையாகப் பிரித்தது: பழங்குடிப் பேரவை, சட்டமன்றம், நிர்வாகம், நீதித்துறை. பேரவை என்பது 18 வயது நிறைந்த எல்லா உறுப்பினரும். சட்டமன்றத்தில் எட்டுப் பேர், செயென் தொகுதி நான்கு, அரபாஹோ தொகுதி நான்கு. எண்ணிக்கையில் செயென் அதிகம் என்றாலும் இடம் சமம். கவர்னரும் துணைக் கவர்னரும் நான்காண்டுக்கு. தலைமையகம் எல் ரீனோ அருகே கான்சோ. உறுப்பினராவதற்குக் குறைந்தது கால் பங்கு செயென், அரபாஹோ இரத்தம் வேண்டும். மக்கள்தொகை 12,000க்கு மேல். வாடோங்கா, கேண்டன், கியரி, கிளின்டன், ஹாமன், சீலிங் என்று பல சிற்றூர்களில் பரவிக் கிடக்கிறார்கள்.

பேரவையின் ஆண்டுக்கூட்டம் அக்டோபர் முதல் சனிக்கிழமை கான்சோவில். கூட்டம் செல்ல குறைந்தது 75 பேர் வர வேண்டும். பட்ஜெட்டுக்கு ஒப்புதல் தருவது இந்தக் கூட்டம்தான். ஹாமனிலிருந்து கான்சோ சுமார் நூறு மைல். வண்டி இல்லாத முதியவர் வர முடியாது. அருகிலிருப்பவர்களின் குரலே ஓங்கும். இது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

2011 முதல் சில ஆண்டுகள் கவர்னர் தரப்பு, துணைக் கவர்னர் தரப்பு என்று இரண்டு அரசுகள் போட்டியிட்டன. மருத்துவம், கல்வி, வீட்டுவசதித் திட்டங்கள் பலவும் கூட்டரசோடு செய்யும் ஒப்பந்தங்கள் மூலம் நடப்பவை. யாருடைய கையெழுத்து செல்லும் என்று கூட்டரசு சொல்லாதபோது வங்கிக் கணக்கு முடங்கும், ஊழியர் சம்பளம் தடுமாறும், பாதிப்பு கடைசியில் கிளினிக் வரிசையில் நிற்பவருக்கு.

வருவாயில் சூதாட்ட விடுதிகளுக்குப் பெரிய பங்கு. லக்கி ஸ்டார் என்ற பெயரில் பல ஊரில் நடத்துகிறார்கள். மின்னணு விளையாட்டு வருமானத்தில் முதல் 1 கோடி டாலருக்கு 4 சதவீதம், அடுத்த 1 கோடிக்கு 5, அதற்கு மேல் 6 சதவீதம் மாநிலத்துக்குப் போகும். மேசை விளையாட்டுக்கு 10. மிச்ச லாபத்தை ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுக்க வேண்டுமானால் உள்துறை அமைச்சகம் ஒப்பிய திட்டம் வேண்டும். கைக்கு வரும் அந்தத் தொகைக்குக் கூட்டரசு வருமானவரியும் உண்டு.

வெண்சங்கு:

நன்றி மேழி, என் குழப்பம் தீர்ந்தது. பதிலுக்கு டீப்பி என்ற கூம்புக் கூடாரம் போடுவதை நான் எழுதுகிறேன். இன்றும் பவ்வவ் (பழங்குடி நடனக் கூடுகை) திடல்களில், சடங்கு முகாம்களில் போடுகிறார்கள்.

செயென், அரபாஹோ இருவரும் மூன்று கழி அடித்தளம். க்ரோ, பிளாக்ஃபுட் மக்கள் நான்கு கழி. 18 அடிக் கூடாரத்துக்கு 15 கழி, உச்சியில் புகைத்துளையைத் திறந்து மூடும் புகை மடிப்புகளுக்கு மெல்லிய கழி 2, மொத்தம் 17. லாட்ஜ்போல் பைன் சிறந்தது. நீளம் 22 முதல் 25 அடி. பட்டையை உரித்து, கணுக்களை இழைத்து மழமழப்பாக்க வேண்டும். மழைநீர் கழியோடு வழிந்து கீழே இறங்கும். ஒரு கணு நீட்டிக்கொண்டிருந்தால் அங்கிருந்து சொட்டி படுக்கையை நனைக்கும்.

துணியைத் தரையில் விரித்து அதன் மேலேயே அளவெடுப்பார்கள். பின்பக்கத்துக்கு இரண்டு கழி, வாசலுக்குச் சற்று நீளமான ஒன்று. மூன்றையும் கயிற்றால் இறுக்கிக் கட்டி, நிமிர்த்தி அகட்டினால் முக்காலி. வாசல் கழி நீளம் என்பதால் கூம்பு நேராக நிற்காது. பின்பக்கம் செங்குத்தாகவும் முன்பக்கம் சாய்வாகவும் அமையும். வாசல் கிழக்கே, செங்குத்தான முதுகு மேற்குக் காற்றைத் தாங்கும்.

அடுத்த கழிகளைச் சாத்தும்போது பெரும்பாலானவற்றை முன்கவட்டில் (கட்டிய கழிகள் குறுக்கிடும் இடத்தின் முன்பக்கப் பிளவில்) போட வேண்டும். பின்னால் கொஞ்சம்தான். தவறிப் பின்கவட்டில் அடுக்கிவிட்டால் உச்சியில் கழிகள் திரண்டு, துணி படியாது, புகைத்துளையை மூடவே முடியாது. பிறகு கயிற்றை வெயில் சுற்றும் திசையில் நான்கு முறை சுற்றி, நுனியை உள்ளே முளையடித்துக் கட்ட வேண்டும். புயலில் கூடாரம் தூக்கிப்போகாமல் இருப்பது இந்த ஒரு முளையால்தான். கடைசிக் கழியில் துணியைக் கட்டி மேற்கே நிமிர்த்தி, இரு பக்கமும் முன்னால் கொண்டுவந்து மரஊசிகளால் கோர்ப்பார்கள். அப்புறம் உள்ளிருந்து கழிகளை வெளியே தள்ளினால் துணி விறைக்கும்.

உள்ளே புகை தங்குகிறது என்றால் இரண்டு காரணம். வெளித்துணி தரையோடு ஒட்டியிருக்கலாம். அது சில அங்குலம் தூக்கி நிற்க வேண்டும். உள்திரை தரையைத் தொட்டு ஐந்தடி உயரம் வரை போக வேண்டும். இரண்டுக்கும் இடையே ஏறும் காற்றுதான் புகையை இழுத்துப்போகும். இல்லையென்றால் புகை மடிப்பு காற்றை எதிர்த்துத் திரும்பியிருக்கும். அடுப்பு தரையின் நடுவே அல்ல, புகைத்துளைக்கு நேர் கீழே, சற்று முன்பக்கம்.

கூடாரம் பெண்ணின் சொத்து. அந்தக் காலத்தில் 12 முதல் 18 காட்டெருமைத் தோல் தேவைப்பட்டது. திருமணமானால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டார் முகாமுக்குப் போவார். ஆனாலும் மாமியாரோடு நேருக்கு நேர் பேசக் கூடாது, மரியாதைக்காக விலகியிருக்க வேண்டும். பெரியப்பா, சித்தப்பாவும் அப்பாதான். பெரியம்மா, சித்தியும் அம்மாதான். மாமன் மகளும் அத்தை மகனும் உடன்பிறந்தவர்களே, ஆகவே அங்கே மணம் கிடையாது.

நாணல்:

பவ்வவ் என்றதும் கேட்கத் தோன்றுகிறது: ஆகஸ்ட்டில் கான்சோவில் நடக்கும் பெரிய பவ்வவுக்கு வெளியாட்கள் போகலாமா? போனால் என்ன செய்யலாம், என்ன கூடாது?

கொடிவழி:

தாராளமாகப் போகலாம். பவ்வவ் பொதுக்கூடுகை, சூரிய நடனமும் அம்பு புதுப்பித்தலும் அப்படியல்ல, அங்கே அழைப்பில்லாமல் போகக் கூடாது, படம் எடுக்கவே கூடாது. 1883இல் அரசு இந்தச் சடங்குகளைக் குற்றம் என்று அறிவித்தது. அந்தத் தடை 1934 வரை நீடித்தது. மறைத்து மறைத்துக் காப்பாற்றியவர்களின் பிள்ளைகள் இன்று கேமராவைக் கண்டால் முகம் சுளிப்பது நியாயம். சடங்கின் உள்விவரம் தெரிந்தாலும் நான் இங்கே எழுதமாட்டேன்.

பவ்வவ் நாளின் ஒழுங்கு இப்படி. பிற்பகலில் சுரைக்குடுவை நடனம், பிறகு சாப்பாடு, மாலையில் கொடிகளோடு ஊர்வல நுழைவு. அதன் பின் நடனப் போட்டிகள் நள்ளிரவு வரை. தெற்கு முறையில் பெரிய முரசு திடலின் நடுவில் இருக்கும். சுற்றி ஆண் பாடகர்கள், அவர்களுக்குப் பின்வரிசையில் பெண்கள். குரல் தாழ்ந்த சுருதி. வடக்கு முறையில் முரசு ஓரத்தில், குரல் உச்சத்தில். இதை வைத்தே கண்ணை மூடிக்கொண்டு எந்தக் குழு என்று சொல்லிவிடலாம்.

நுழைவின்போது எழுந்து நிற்க வேண்டும், தொப்பியைக் கழற்ற வேண்டும். நடன ஆடையைத் தொடக் கூடாது, வேஷம் என்று சொல்லவும் கூடாது. ஓரத்தில் போர்வை விரித்த நாற்காலிகள் ஆடுபவர் குடும்பத்துடையவை, உட்காராதீர்கள். கழுகு இறகு கீழே விழுந்தால் எல்லாம் நிற்கும்; போர்வீரர்களாக இருந்தவர்கள் வந்து முறைப்படி எடுப்பார்கள். அந்த நேரத்தில் கேமராவை இறக்குங்கள். தரையில் இறகு கிடப்பதைப் பார்த்தால் நீங்கள் எடுக்க வேண்டாம், திடல் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள்.

நடுவே கொடை நடக்கும். பட்டம் பெற்றவர், படையிலிருந்து திரும்பியவர், இறந்தவரின் ஆண்டு நினைவு என்று காரணம் பல. பெருமை பெற்ற குடும்பமே கொடுக்கும், வாங்காது. பென்டில்டன் போர்வைகள், சால்வைகள், மளிகை நிரப்பிய கூடைகள். மாதக்கணக்கில் சேர்த்து வைத்திருப்பார்கள். குடும்பத்தார் தாமாகப் பேசமாட்டார்கள், ஒரு பெரியவர் அவர்களுக்காகப் பேசுவார். தூரத்திலிருந்து வந்தவர், முதியவர், துணையில்லாதவர் முதலில். சொந்த வீட்டாருக்குக் கொடுத்துக்கொண்டால் அது கொடையே இல்லை. உங்கள் பெயரைக் கூப்பிட்டால் மறுக்காதீர்கள். எழுந்து போய் வாங்கி, வரிசையில் நிற்கும் குடும்பத்தார் எல்லோருக்கும் கைகொடுத்துவிட்டு வாருங்கள். உடனே பதில் பரிசு தேட வேண்டாம்.

வெண்சங்கு:

கடைகளில் மணிவேலை, வெள்ளி நகை வாங்குவதானால் செய்தவர் பெயரையும் அவர் எந்தப் பழங்குடி என்பதையும் எழுதி வாங்குங்கள். பழங்குடிக் கைவேலை என்று பொய் சொல்லி விற்பது 1990 சட்டப்படி குற்றம். கழுகு இறகு வைத்த பொருள் எதையும் வாங்காதீர்கள். அதை விற்பதும் வாங்குவதும் சட்டவிரோதம். கூட்டரசு அங்கீகாரம் பெற்ற பழங்குடியினர்கூட கொலராடோவிலுள்ள தேசியக் கழுகுக் களஞ்சியத்துக்கு விண்ணப்பம் போட்டு, சிலவகை இறகுக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்துதான் பெறுகிறார்கள்.

ஏட்டுச்சுவடி:

கொலராடோவில் நடந்த சாண்ட் கிரீக் படுகொலையை யாரும் தொடவில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். 1864 நவம்பர் 29 விடியலில் கர்னல் சிவிங்டன் படை, பாதுகாப்பு உண்டு என்று நம்பி முகாமிட்டிருந்த செயென், அரபாஹோ மக்களைத் தாக்கியது. பிளாக் கெட்டில் கூடாரத்தில் அமெரிக்கக் கொடி பறந்துகொண்டிருந்தது. இறந்தோர் சுமார் 230, பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். கேப்டன் சைலஸ் சோல் தன் ஆட்களைச் சுடவிடவில்லை. நடந்ததை எழுதி அனுப்பி, விசாரணையில் சாட்சியும் சொன்னார். 1865 ஏப்ரலில் டென்வர் தெருவில் கொல்லப்பட்டார். அதே ஆண்டு லிட்டில் ஆர்கன்சஸ் ஒப்பந்தத்தின் ஆறாம் பிரிவு இழப்பீடு தருவதாக ஒப்புக்கொண்டது. தரவில்லை. வழித்தோன்றல்கள் போட்ட வழக்கையும் 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளிவிட்டது. இறையாண்மை கொண்ட அரசு தன் ஒப்புதல் இல்லாமல் வழக்கை ஏற்காது என்பது காரணம். என் கருத்தில் அது சட்டத்துக்குச் சரியாக இருக்கலாம், கடன் கடன்தான்.

அப்போதைய ஆளுநர் எவன்ஸின் பெயரில் இருந்த கொலராடோ மலைக்கு 2023 செப்டம்பரில் மவுண்ட் புளூ ஸ்கை என்று பெயர் மாறியது. ஒக்லஹோமா செயென், அரபாஹோ அரசு முன்வைத்த பெயர் அது. வட செயென் அரசு அதை எதிர்த்தது; அந்தச் சொல் அவர்கள் புனிதச் சடங்கோடு தொடர்புடையது, மலைக்கு வைக்கக் கூடாது என்றார்கள். ஒரே மக்களின் இரு அரசுகள் இப்படி வேறு நிலை எடுப்பது புதிதல்ல, நாணல். நீங்கள் எங்காவது “செயென் மக்கள் சொல்கிறார்கள்” என்று படித்தால் எந்த அரசு, எந்தச் சங்கம், எந்த ஊர் என்று முதலில் பாருங்கள்.

நாணல்:

மொழி நிலவரம் யாராவது?

கொடிவழி:

செயென் எழுத்து முறையில் 14 எழுத்து. உயிர் மூன்றே, ஆனால் குரலின்றிக் கிசுகிசுப்பாக ஒலிக்கும் உயிர்களும் உண்டு, புதிதாகக் கற்பவர் அதை விழுங்கிவிடுவதால் சொல் மாறிவிடும். அரபாஹோவில் மகர ஒலியே கிடையாது. பல்லிடுக்கு உரசொலிக்கு 3 என்ற எண்ணையே எழுத்தாகப் பயன்படுத்துகிறார்கள். செயென் பேசுவோர் மொன்டானாவில் அதிகம், ஒக்லஹோமாவில் குறைவு. தெற்கு அரபாஹோ பேசுவோர் மிகமிகக் குறைவு. அதனால் ஒக்லஹோமா ஆசிரியர்கள் வயோமிங்கிலுள்ள பேச்சாளர்களையும் அங்கே சேர்த்த ஒலிப்பதிவுகளையும் நம்ப வேண்டியிருக்கிறது. கற்க நினைப்பவர் தனிச்சொல் பட்டியலில் தொடங்காதீர்கள். இரண்டு மொழியிலும் வினைச்சொல்லே ஒரு முழு வாக்கியம். செய்பவர், செய்யப்படுபவர், அந்தப் பொருள் உயிருள்ளதா இல்லையா எல்லாம் வினைக்குள்ளேயே வரும். “நான் உன்னைப் பார்க்கிறேன்”, “நீ என்னைப் பார்க்கிறாய்” என்ற இரண்டையும் முதலில் பிடித்துக்கொண்டு, அதே வடிவத்தில் பத்து வினைகளை மாற்றிப் போட்டுப் பழகுங்கள்.